பெட்டிக்குள் போன குரல்

போன மாதம் ஒரு மத்தியானம், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டுக்கு ஜெனிபர் வந்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மிஷன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. கூடம் என்பது பெயருக்குத்தான். ஒரு லேப்டாப், இரண்டு மைக், ஒரு ஏ.சி. அவ்வளவுதான். வந்தவுடன் காபி வேண்டவே வேண்டாம் என்றார். பிறகு இரண்டு டம்ளர் குடித்தார். எனக்குப் பிடித்த ரகம்.

"அங்கிள், சடையன் பேசின ஒரிஜினல் டேப் உங்ககிட்ட இருக்குதாமே?"

"இருக்குது. அதுக்கு இன்னா இப்போ?"

"இப்பல்லாம் ஒருத்தர் குரல் கொஞ்சம் கிடைச்சா போதும் அங்கிள். அத்த வெச்சி அவரு பேசாததெல்லாம் மெஷினே அவர மாதிரி பேசிடும். ஜவ்வாது மலையில அவ்ளோ அழகா பேசுற ஆளு இப்போ யாருமே இல்ல. பைபிள் கதை மொத்தத்தையும் அவரு குரல்லயே போட்டுடலாம். அங்க எல்லார் கையிலயும் செல்லு வந்துடுச்சி. கேப்பாங்க."

"அவரு செத்துட்டாரேம்மா."

"அதனாலதான் கேக்கறேன் அங்கிள். அவரு பொண்ணு மல்லிகா அக்கா எங்க சர்ச்சுக்குத்தான் வராங்க. அவங்க சந்தோஷமா சரின்னுதான் சொல்லுவாங்க."

ஜெனிபர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவர் முகத்தில் ஆசைதான் இருந்தது. நல்ல குரலைக் கேட்டால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வருகிற ஆசை. எனக்கும் வந்திருக்கிறது. மல்லிகாவைக் கூட்டிவாருங்கள், அவர் முதலில் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். ஆனால் அந்த டேப் சுருளில் என்ன இருக்கிறது என்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, காபி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதித் தாருங்கள் அங்கிள் என்றார். எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். வேர்க்கடலை விவசாயம். எனக்கு மண்ணைவிட ரேடியோவில் பிரியம் அதிகம். திருவண்ணாமலையில் ஒரு கடையில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதைவிட ஷாக் வாங்கியதுதான் ஜாஸ்தி. அந்தக் கடைக்கு ஒருநாள் மிஷனிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் ரிப்பேருக்கு வந்தது. அதைச் சரி செய்து கொடுத்தேன். அதோடு நானும் போய்விட்டேன். மிஷனில் மெஷின் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள்.

என் பெயர் ஏழுமலை. நெற்றியில் திருநீறு. பௌர்ணமி தவறாமல் அண்ணாமலையைச் சுற்றுகிறவன். இப்படிப்பட்டவன் ஏசு கதை ரெக்கார்டு செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? "எப்போ ஞானஸ்நானம்?" என்று சலூனில் கேட்பார்கள். மிஷன் வளாகத்துக்குள் சிலர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு மேலே கூரையைப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் சிரித்து வைப்பேன். எனக்கு வேண்டியது மெஷின்.

கூடத்தின் தலைவி ரூபி அம்மா. வேலூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைக் கைத்தறிப் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். வலது கை ஆள்காட்டி விரல் உயர்ந்தால் எல்லோரும் மூச்சைப் பிடிக்க வேண்டும். விரல் இறங்கினால் பேசலாம். எனக்கு முதல் வருடம் அந்த விரல்தான் பாடம்.

கூடத்தின் சுவர்களில் பழைய மெத்தைகளை ஆணியடித்து நிறுத்தியிருந்தோம். அப்படியும் கோயில் மணி உள்ளே வந்துவிடும். தெருவில் சாமி புறப்பாடு என்றால் மேளம் வரும். பௌர்ணமி அன்று வேலையே நடக்காது. ஒருமுறை மலைப் பிரசங்கம் பதிவு செய்துகொண்டிருந்தபோது சாயரட்சை மணி அடித்தது. சுருளை நிறுத்தப் போனேன். ரூபி அம்மா கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். முடிந்த பிறகு, "அது இந்த ஊர்க் காத்து ஏழுமலை. காத்தை வெட்ட முடியுமா? இருக்கட்டும்" என்றார். அந்தப் பதிவில் ஏசுவின் பேச்சுக்குப் பின்னால், தூரத்தில், அண்ணாமலையார் மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வேலை முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் வினையே அங்கேதான் இருந்தது. மலைமேல் இருக்கிற சனங்களுக்கு நம் ஊர் பைபிள் தமிழ் ஒட்டாது. அதனால் அவர்களிலேயே நன்றாகப் பேசுகிற ஒருவரைத் தேடிப் பிடிப்போம். ரூபி அம்மா ஒரு வாக்கியம் சொல்வார். அவர் அதைத் தன் பேச்சில், தன் ராகத்தில் திருப்பிச் சொல்வார். நான் இரண்டு குரலையும் சேர்த்துப் பதிவேன். பிறகு கூடத்துக்கு வந்து ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் ரூபி அம்மாவின் குரல் வரும் இடத்தையெல்லாம் பிளேடால் நறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டுவேன். கடைசியில் மலைக்காரர் ஒருவர், யாரும் எடுத்துக்கொடுக்காமல், தன் மனசிலிருந்தே பேசுவதுபோல் இருக்கும். ஒட்டு தெரியாமல் ஒட்டுவதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பேச்சைக் கேசட்டில் ஏற்றி, கையால் சுற்றினால் பாடுகிற ஒரு பெட்டியில் வைத்து, மிஷன் ஊழியர்கள் மலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கரண்ட் கிடையாது.

சடையனின் ஊர் ஜவ்வாது மலையில். பெயரைச் சொல்லப் போவதில்லை. அப்போது போளூர் தாண்டி மலையேறினால் ஜீப் ஓரிடத்தில் நின்றுவிடும். மேற்கொண்டு நடை. மேகம் நம்மோடு கூடவே நடந்துவரும். முன்னால் போகிற ரூபி அம்மாவின் வெள்ளைப் புடவை மேகத்துக்குள் போய்விடும், குரல் மட்டும் "பாத்து வாங்க, கல்லு வழுக்குது" என்று வரும். தோளில் பேட்டரி ரிக்கார்டர் தொங்க, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடப்பேன். இன்றும் மத்தியானத் தூக்கம் கலைகிற நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு நொடி தெரியாது. அந்த நொடியில் நான் அந்த வழியில்தான் இருக்கிறேன்.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். யாரும் சொல்வதற்கு முன்பே ரூபி அம்மா கழற்றிவிட்டார். நடுவில் ஒரு நாவல் மரம், அதன் அடியில் காளியம்மனாக ஒரு கல். சுற்றிச் சாமை விளைகிற மேட்டு நிலங்கள்; கொல்லை என்பார்கள். சடையனுக்கு ஐம்பது வயதிருக்கலாம். ஒல்லியான உடம்பு. அதற்குள் எங்கிருந்து அவ்வளவு குரல் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கதை சொல்வதில் மன்னன். புலிக் கதை என்றால் புலியாகிவிடுவார். புலி தின்ற மாடாகவும் ஆவார். அந்த மாட்டுக்காக அழுகிற கிழவியாகவும் ஆவார். யாராக இருந்தாலும் அவருக்கு "நீ"தான். ரூபி அம்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஊரில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆடியில் சாமை விதைக்கிற நாள், பொழுது விடிகிற நேரத்தில், அவர் நாவல் மரத்துப் பக்கத்துப் பாறையில் ஏறி அம்மனைக் கொல்லைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவார். அவர் அப்பாவும் கூப்பிட்டவர். அந்தக் கூப்பாடு கேட்காமல் அந்த ஊரில் யாரும் ஒரு விதை தூவ மாட்டார்கள்.

பதிவு நன்றாகவே போனது. படைப்புக் கதை, வெள்ளக் கதை, காணாமல்போன ஆட்டின் கதை. எல்லாம் அவர் வாயில் புதிதாகப் பிறந்தது. கடைசியில் சாட்சி என்று ஒன்று உண்டு. மனம் மாறிய ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக எழுதப்பட்ட பகுதி. எல்லா மொழிக்கும் அதே வாசகம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து வரும்.

"நான் இருட்டுல இருந்தேன்," என்றார் ரூபி அம்மா. சடையன் சொன்னார்.

"கல்லைக் கும்பிட்டேன்."

"இரு, இரு. யாரு சொல்றது இது? நானா?"

"இல்லைங்க. கதையில வர்ற ஆளு."

"அப்போ செரி."

அவ்வளவுதான். பிறகு புலியாக ஆனதுபோலவே அந்த ஆளாகவும் ஆனார். "கல்லக் கும்புட்டேன். இப்போ அத்த உட்டுட்டேன். திரும்பிப் பாக்க மாட்டேன்." சொல்லும்போது குரல் உடைந்தது. ரூபி அம்மாவின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கதையில் வருகிற ஆள் என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவருக்கு அது உண்மையிலேயே யாரோ ஒருவரின் கதைதான். சடையனுக்கும் அப்படியே. பதிவு முடிந்ததும், மெஷினுக்குச் சும்மா ஒன்று என்று தானாகவே ஒரு புலிக் கதை சொன்னார். அந்தப் புலிக்காகத்தான் அந்தச் சுருளை அழித்து மறுபடி பயன்படுத்தாமல் வைத்திருந்தேன்.

கூடத்துக்கு வந்து என் வித்தையைக் காட்டினேன். "யாரு சொல்றது இது?" என்ற கேள்வியும் அதற்கான பதிலும் தரையில் துண்டுகளாக விழுந்தன. பெருக்கித் தள்ளினேன். கேட்டவர்கள் எல்லாம் இப்படி ஒரு சாட்சியைக் கேட்டதில்லை என்றார்கள். தலைமை அலுவலகம் பாராட்டியது. பல மலையூர்களுக்கு நகல் போனது. சில ஊர்களில் ஞானஸ்நானம் கேட்டே ஆட்கள் வந்தார்கள்.

சடையனின் ஊருக்கும் பெட்டி போனது. கொண்டுபோன ஊழியர் நல்ல மனிதர். சனங்கள் கூடுகிற இடம் எது என்று பார்த்தார். நாவல் மரத்தடி. நிழலும் இருக்கிறது, மேடும் இருக்கிறது. பெட்டியை அந்த மேட்டில், அம்மன் கல்லுக்கு முன்னால் வைத்துச் சுற்றினார்.

அந்த ஊரில் வழக்கு வந்தால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுதான் பேசுவார்கள். அங்கே ஒருவன் வாய் திறந்து சொன்னால் சொன்னதுதான். சடையன் கொல்லையில் இருந்தார். அவர் குரல் மட்டும் மரத்தடியில் நின்றுகொண்டு, உன்னை விட்டுவிட்டேன், திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று அம்மனிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவும் அழுதுகொண்டே.

ஊர்க்காரர்கள் அவரை அடிக்கவில்லை, வையவில்லை. கூடி உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். விட்டுவிட்டேன் என்று சொன்ன குரல் இனி அம்மனைக் கூப்பிட முடியாது. அது கதை, கதை என்று சடையன் சொல்லிப் பார்த்தார். கதைக்கு முன்னால் இது கதை என்று ஏன் பெட்டி சொல்லவில்லை என்று கேட்டார்கள். அதோடு அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். கூப்பிட வேறு ஆள் இல்லை. ஆடி வந்துகொண்டிருந்தது.

ஒரு பௌர்ணமி சாயங்காலம். கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. சாம்பிராணிப் புகை, சுக்குக் காபி, "அரோகரா". கூடத்தைப் பூட்டிவிட்டு நானும் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு ஒல்லி மனிதர், செருப்பில்லாமல், தோளில் ஒரு கம்பளியோடு, எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தனை பேரும் ஒரு பக்கமாகப் போக, அவர் மட்டும் மறுபக்கமாக மிதந்து வருவதுபோல் இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் சடையன் என்று தெரிந்தது. அவர் மலையை விட்டு இறங்கியதே அதுதான் முதல் தடவை.

பூட்டைத் திறந்து உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். ரூபி அம்மா ஓடிவந்தார். சடையன் மெத்தைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். பேசாமல் இருந்து இருந்து குரல் கரகரத்தது.

"என் குரல எடுத்துனு வந்துட்டீங்க. குடு. விதைப்பு வருது."

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல ரூபி அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார். நான் ஒட்டிய ஒட்டு அவ்வளவு சுத்தம்.

மறுநாளே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, எல்லா ஊரிலிருந்தும் அந்தப் பதிவைத் திரும்பப் பெற வேண்டும் என்றார் ரூபி அம்மா. அங்கிருந்து ஒரு பெரியவர் நேரில் வந்துவிட்டார். கோட்டு போட்டவர். இனிக்க இனிக்கப் பேசுவார். நான் மெஷினைத் துடைப்பதுபோல் அங்கேயே நின்றேன்.

"பாருங்க ரூபி, அந்த ஊர்ல இதுவரைக்கும் நமக்குக் கதவே தொறக்கல. இப்போ ஊர் அந்த மனுஷனை ஒதுக்கி வெச்சிருக்கு. அவருக்கு வேற போக்கிடம் இல்ல. நம்மகிட்ட வருவார். ஆண்டவர் எப்படியெல்லாம் வழி தொறக்கிறார்னு நமக்குத் தெரியாது. பொறுமையா இருங்க."

"ஐயா, நாம கதவை உடைச்சிட்டு, தொறந்திருக்குன்னு சொல்றோம்."

"அவர் வாயால சொன்ன வார்த்தைதானே? அந்த வார்த்தை உண்மைதானே?"

"வார்த்தை உண்மைன்னு நான் சாகற வரைக்கும் சொல்லுவேன். ஆனா அது அவரோட உண்மை இல்ல."

பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். நகல்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அவசரப்பட்டால் உங்களுக்குத்தான் நல்லதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் ரூபி அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த வெட்டாத சுருள் இருக்கா ஏழுமலை?"

எங்கள் இருவருக்கும் தெரியும் அதில் என்ன இருக்கிறது என்று. கதையில் வருகிற ஆள் என்று சொல்லிப் பேசவைத்தவர் ரூபி அம்மாவேதான். ஊர் முன்னால் அதைப் போட்டால் சடையனின் பழி போகும், ரூபி அம்மாவின் தலை குனியும். செய்தி மேலிடத்துக்கும் போகும். வேறு வழியிருக்கிறதா என்று பார்க்கலாமே அம்மா என்றேன். அவர் புடவைத் தலைப்பால் கடிகாரத்தைத் துடைத்தபடி, "வழி இதுதான். ரொம்ப நேரா இருக்கறதால உங்களுக்குப் பயமா இருக்கு" என்றார்.

மலையேறினோம். சடையன் முன்னால் நடந்தார். ஊர் முழுக்க நாவல் மரத்தடியில் கூடியிருந்தது. ரூபி அம்மா கல்லுக்கு முன்னால் போய் நின்றார். அந்த வார்த்தை என்னுடையது, சடையனுடையது இல்லை என்றார்.

ஊர்ப் பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "உன் சாமி மேல சத்தியம் பண்ணு."

ரூபி அம்மா செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனபோது கோர்ட்டிலேயே சத்தியம் செய்யாதவர்.

"எங்க சாமி சத்தியமே பண்ணாதேன்னு சொல்லியிருக்காருங்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. அவ்வளவுதான் எங்களுக்கு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சத்தியத்துக்குக் கூட ஒத்துவராத சாமியா என்று யாரோ சிரித்தார்கள். ரூபி அம்மா என் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலை உயர்த்தினார். ஊரே, ஏன் என்று தெரியாமலே, அடங்கியது. விரல் இறங்கியது. நான் மெஷினைத் தட்டினேன்.

மேகம் மரத்துக்குள் வந்து நின்றிருந்தது. அதற்குள்ளிருந்து முதலில் ரூபி அம்மாவின் குரல் வந்தது. பிறகு சடையனின் குரல். அவர் சொல்ல, இவர் திருப்பிச் சொல்ல. முதல் இரண்டு வாக்கியத்திலேயே ஒரு கிழவி வாயில் கை வைத்தார். "யாரு சொல்றது இது? நானா?" என்று வந்தபோது கூட்டம் முன்னால் சாய்ந்தது. "இல்லைங்க. கதையில வர்ற ஆளு." ரூபி அம்மா தலையைக் குனியாமல், அந்தக் குரல் தன்னுடையது என்று எல்லோரும் பார்க்கும்படி, நிமிர்ந்து நின்றிருந்தார். எனக்கு அப்போது அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. மெஷினை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை.

சுருள் ஓடிக்கொண்டே போய்ப் புலிக் கதைக்கு வந்துவிட்டது. நிறுத்தப் போனேன். "உடு, உடு" என்றார்கள். முழுவதையும் கேட்டுச் சிரித்துத் தீர்த்தார்கள். சடையனும் சிரித்தார்.

ஊர்ப் பெரியவர் எழுந்தார். "மூச்சுக் காத்துதான் இவனுது. வார்த்தை இந்தம்மாவுது. கூப்பிடட்டும்." பிறகு ரூபி அம்மாவிடம் திரும்பினார். "உன் வார்த்தைய நீ வந்து சொல்லு. உக்காந்து கேக்குறோம். இன்னொருத்தன் வாயில வெச்சிச் சொல்லாத."

"இப்பவே சொல்லட்டுமா?" என்று கேட்டாரே ரூபி அம்மா! அந்த நிலையிலும்!

"விதைப்பு முடியட்டும்," என்றார் பெரியவர்.

விடிந்ததும் கூப்பாடு. எங்களைப் போகச் சொல்லவில்லை. சடையன் பாறையில் ஏறுவதற்கு முன் என் தோளில் தொங்கிய மெஷினைப் பார்த்தார். நான் பேட்டரியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. பள்ளத்தில் கிடந்த மேகம் அதைக் கேட்டு மெல்ல எழுந்திருப்பதுபோல் இருந்தது. என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக நல்ல குரல் அது. எங்கேயும் பதிவாகவில்லை. பக்கத்தில் ரூபி அம்மா கண்ணை மூடி நின்றிருந்தார்.

கீழே வந்ததும், நகல்கள் எடுக்கிற ஒட்டுச் சுருளிலிருந்து சாட்சிப் பகுதியை அழித்தேன்; வெட்டாத சுருளைத் தொடவில்லை. ஊழியர்களிடம் ரூபி அம்மா தானே போய் நகல்களைக் கேட்டு வாங்கினார். சில ஊர்களுக்குப் போனவை திரும்பவில்லை. தலைமை அலுவலகம் அவரை வேறு ஊரில் மாணவிகள் விடுதியைக் கவனிக்க அனுப்பியது. போவதற்கு முன் எனக்கு ஒரு வழக்கத்தை விட்டுப்போனார். யார் மைக் முன்னால் உட்கார்ந்தாலும், முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது உங்கள் வார்த்தையா, கதையின் வார்த்தையா? கேள்வியும் பதிலும் பதிவிலேயே இருக்க வேண்டும். வெட்டக் கூடாது. நான் ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை.

வெகுகாலம் கழித்து ஒருமுறை ரூபி அம்மா என்னைப் பார்க்க வந்தார். ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஊர்ல எல்லாரும் என்னை எப்போ மாத்துவாங்கன்னு கேட்டாங்கம்மா. நீங்க ஒரு தடவைகூடக் கூப்பிடலையே. கொஞ்சம் வருத்தமாவே இருந்துச்சி."

அவர் சிரித்தார். "நீங்க அப்போ என்கிட்ட சம்பளம் வாங்கினவரு ஏழுமலை. சம்பளம் குடுக்கறவ கேட்டா அது கேள்வியாவா இருக்கும்? உத்தரவாயிடும். இப்போ ரிடையர் ஆயிட்டேன். இப்போ கேக்கறேன், வர்றீங்களா?"

"இல்லைங்கம்மா."

"சரி, காபி குடுங்க."

அவரும் இப்போது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, லேப்டாப்பும் ஒரு மைக்குமாக, ஜெனிபர் மல்லிகாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தார். மல்லிகா ஆஸ்பத்திரி நர்ஸ். நர்சிங் படிக்க மலையிறங்கி வந்த பிறகு தானாகவே தேடிப்போய்க் கிறிஸ்தவர் ஆனவர். யாரும் வற்புறுத்தவில்லை என்று அவரே சொன்னார். அவர் அப்பா தடுக்கவும் இல்லையாம். விதைப்புக்கு மட்டும் ஊருக்கு வந்துவிடு என்பாராம். இவரும் போய்விடுவாராம்.

என் பழைய மெஷினில் சுருளை ஏற்றி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். சுருள் சுற்றியது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும்தான். உதடு துடித்தது. ஓரிடத்தில் நெற்றி சுருங்கி, பிறகு தளர்ந்தது. கேள்வி வந்த இடமாக இருக்கும். கடைசியில் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார். புலி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே அழுதார்.

ஜெனிபர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மெஷின் உங்கள் அப்பாவைப்போலவே பேசும், மலை முழுக்கக் கேட்கும், அந்தச் சாட்சியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மல்லிகா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் ஜெனி."

"ஏன்க்கா? நீங்களும் நம்பற வார்த்தைதானே?"

"நான் நம்பறேன். தெனமும் சொல்றேன். எங்கப்பா சொல்லல. செத்தவர இப்போ சொல்ல வெச்சா, அவரு பாவம், மறுபடியும் கெளம்பி எங்க போயி தன் குரல கேப்பாரு?"

ஜெனிபர் லேப்டாப்பை மூடிவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மல்லிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மலை பேச்சு எனக்கும் வரும். வேணும்னா நான் சொல்றேன். எடுத்துக்கோ." பிறகு என்னிடம், "இந்தச் சுருள நான் எடுத்துனு போவட்டுமாங்க?"

"உங்களுதுதாம்மா."

அவர் அதை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டார். ஜெனிபர் லேப்டாப்பை மறுபடி திறந்து, மைக்கை அவர் பக்கம் திருப்பினார். வெளியே தெருவில் ஏதோ மேளம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று ஜெனிபர் கேட்டார். இருக்கட்டும், அது ஊர்க் காத்து என்றேன்.

என் ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது. மல்லிகா மூச்சைப் பிடித்தார்.

"இது உங்க வார்த்தையாம்மா, கதையோட வார்த்தையா?"

அவர் அப்பாவின் குரல்தான் அது. கொஞ்சம் மெலிந்திருந்தது.

"என்னுதுங்க."

விரலை இறக்கினேன்.